ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்?

திருப்பூர் மாநகராட்சியின் வடக்குப் பகுதியான நெருப்பெரிச்சலில் பனியன் கம்பெனி இல்லாத தெரு குறைவு. கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் இருந்தால் அவருக்குத் துணையாக ஒரு நாயும் இருக்கும். பழைய பெயின்ட் டப்பாவில் அதற்குத் தண்ணீர். கட்டிங் டேபிளில் மிஞ்சிய பனியன் வேஸ்ட் அதற்குப் படுக்கை. சித்திரை வெயிலில் டப்பா மூன்று தடவை காலியானால் யாரும் கண்டுகொள்வதில்லை. மார்கழிக் குளிரிலும் அப்படியே காலியானால், காலையில் வேஸ்ட் மூட்டை நனைந்து நாறினால், அப்போதாவது சந்தேகம் வர வேண்டும். பெரும்பாலும் வருவதில்லை. "தண்ணியக் கண்டா உடறதில்லீங்க. போர் தண்ணி உப்பில்லீங்களா, அதான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

வளராத குட்டிக்கும் இப்படியொரு சமாதானம் தயாராக இருக்கிறது. கூடப் பிறந்தவை முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டன, இது மட்டும் வாங்கி வந்த அளவிலேயே நிற்கிறது என்றால், "இது மினி சைஸுங்க" என்பார்கள். அதையே சொல்லிக் கூடுதல் விலை கேட்கும் வியாபாரியும் உண்டு.

இரண்டு சமாதானங்களும் சில நேரம் சரியாகவே இருக்கலாம். ஆனால் அடங்காத தாகமும் நின்றுபோன வளர்ச்சியும் நாளமில்லாச் சுரப்பிகள் கெடுவதன் அடையாளங்களாகவும் இருக்கலாம். சர்க்கரை நோய், குஷிங் நோய், வாசோபிரசின் குறைபாடு, பிறவித் தைராய்டு குறைபாடு, பிட்யூட்டரி குள்ளம் என்று பட்டியல் நீளும். இவற்றில் பலவற்றை அடையாளம் காணும் முதல் படிக்கு ஸ்கேனும் வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரியும் வேண்டாம். ஒரு லிட்டர் பாட்டில் போதும்.

நலமான நாய் ஒரு நாளில் தன் எடையில் கிலோவுக்குச் சுமார் 50 முதல் 60 மில்லி தண்ணீர் குடிக்கும். 20 கிலோ நாய்க்கு இது ஒரு லிட்டர், மிஞ்சினால் ஒன்றேகால் லிட்டர். கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால், அதாவது அதே நாய் இரண்டு லிட்டருக்கு மேல் குடித்தால், மருத்துவர்கள் அதை நோயின் குறியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தை அளந்து கழித்தால் கணக்கு கிடைத்துவிடும். மூன்று நாள் பார்த்துச் சராசரி எடுப்பது நல்லது. துணி துவைக்கும் தொட்டி, குழாயடிப் பள்ளம், ஏ.சி. தண்ணீர் சொட்டும் வாளி எல்லாவற்றையும் அந்த மூன்று நாளும் மூடி வைக்க வேண்டும். ரசமும் சோறும் சாப்பிடும் நாய்க்குப் பாதித் தண்ணீர் தட்டிலேயே கிடைத்துவிடும். பாக்கெட் தீனி தின்னும் நாய் கிண்ணத்தை அதிகம் தேடும். இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அடுத்தது காலையில் முதல் தடவை விடும் சிறுநீர். அதன் ஒப்படர்த்தியை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கையடக்கமான கருவிதான். ஒரு சொட்டு போதும். 1.030-க்கு மேல் காட்டினால் சிறுநீரகம் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறது என்று அர்த்தம். திரும்பத் திரும்ப 1.008-க்கும் 1.012-க்கும் நடுவில் நின்றால், சிறுநீரைச் செறிவாக்கும் திறன் போய்விட்டதோ என்று ஐயப்பட வேண்டும். 1.008-க்கும் கீழே போவதுதான் சுவாரசியமானது. சிறுநீரகம் நன்றாக உழைத்துத் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. பிடித்து வை என்று சொல்லும் ஹார்மோன்தான் வரவில்லை, அல்லது வந்தும் எடுபடவில்லை.

அந்த ஹார்மோனின் பெயர் வாசோபிரசின். மூளையின் ஹைப்போதலாமஸில் உருவாகி, மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் பின்மடலில் சேமிக்கப்பட்டு, இரத்தம் கொஞ்சம் கெட்டியானதும் வெளியே வரும். சிறுநீரகத்தின் கடைசிக் குழாய்களுக்குப் போய் அங்கிருந்து தண்ணீரை மீண்டும் உடம்புக்குள் இழுக்க வைக்கும். இந்த ஏற்பாடு எங்காவது அறுந்தால் சிறுநீர் பெருகும். போன தண்ணீரை ஈடுகட்டத்தான் நாய் குடிக்கிறது. குடிப்பதால் போகவில்லை, போவதால் குடிக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல், வீட்டை நனைக்கிறதே என்று ராத்திரியில் கிண்ணத்தை எடுத்து வைப்பவர்கள் நாயைச் சில மணி நேரத்திலேயே ஆபத்தில் தள்ளிவிடக்கூடும்.

திருப்பூரில் தண்ணீர்ப் பேச்சு சாயக்கழிவைத் தொடாமல் நகராது. நொய்யல் ஆற்றில் பல ஆண்டுகள் கலந்த சாயப்பட்டறைக் கழிவு, 2011 ஜனவரியில் சாய, சலவை ஆலைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் வரை போனது. கழிவுநீரை முழுவதும் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாட்டோடுதான் ஆலைகள் மறுபடி இயங்க முடிந்தது. நிலத்தடியில் இறங்கிய உப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தரநிர்ணயம். கரிக்கும் போர் தண்ணீர் நாயின் தாகத்தைக் கூட்டும் என்பது நியாயமான சந்தேகமே. அதைத் தீர்ப்பதும் சுலபம்: ஒரு வாரம் மாநகராட்சிக் குழாயில் வரும் ஆற்றுத்தண்ணீரோ கேன் தண்ணீரோ வைத்து மறுபடி அளந்தால் போதும். அளவு இறங்கினால் பழி தண்ணீர் மேல். இறங்காவிட்டால் நாயின் உடம்புக்குள் தேட வேண்டும். எல்லாவற்றையும் சாயத்தண்ணீர் தலையில் கட்டிவிட்டு உட்காருவது, நோயைக் கண்டுபிடிக்காமல் இருப்பதற்கான வசதியான வழி.

தாகம் எடுத்த நாய்க்கு மருத்துவ வரலாற்றில் பெரிய இடம் உண்டு. 1889-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஜோசப் வான் மெரிங்கும் ஆஸ்கர் மின்கோவ்ஸ்கியும் கணையம் இல்லாமல் கொழுப்புச் செரிக்குமா என்று பார்க்க ஒரு நாயின் கணையத்தை முழுவதும் எடுத்தார்கள். வெளியே போய்ச் சிறுநீர் விடப் பழகியிருந்த அந்த நாய் ஆய்வகத் தரையிலேயே ஓயாமல் விடத் தொடங்கியது. மின்கோவ்ஸ்கி அதைச் சோதித்தார், சர்க்கரை. (சிறுநீரில் ஈ மொய்த்ததால் கண்டுபிடித்தார்கள் என்ற கதையும் உண்டு. எறும்பு மொய்த்தால் சர்க்கரை என்று சொல்லும் நம் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கதை பிடித்துப்போகும். உண்மை என்று உறுதியாகச் சொல்ல முடியாது.) 1921-இல் டொரன்டோவில் ஃபிரெடரிக் பான்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் கணையச் சாற்றைச் செலுத்திப் பார்த்ததும் கணையம் அகற்றப்பட்ட நாய்களுக்குத்தான். அவற்றில் மார்ஜரி என்ற நாய் சுமார் 70 நாள் உயிரோடு இருந்தது. அடுத்த ஜனவரியில் லியனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அந்த ஊசி போடப்பட்டது. நாய்கள் கொடுத்துக் கிடைத்த இன்சுலின் நாய்களுக்கே வந்து சேரப் பின்னும் காலம் பிடித்தது.

நாய்க்குச் சர்க்கரை நோய் பெரும்பாலும் நடுவயது தாண்டித்தான் வரும். நன்றாகத் தின்னும், நிறையக் குடிக்கும், ஆனால் முதுகெலும்பு தெரிய இளைத்துக்கொண்டே போகும். கண்டுபிடித்த ஓராண்டுக்குள் பெரும்பான்மை நாய்களுக்குக் கண்புரை விழுந்து கண் வெளுத்துவிடுகிறது. பல வீடுகளில் நாய் முட்டிக்கொள்ளத் தொடங்கிய பிறகுதான் நோயே தெரியவருகிறது. வீட்டுப் பெரியவர் விழுங்கும் சர்க்கரை மாத்திரையை நாய்க்கும் பாதி உடைத்துக் கொடுப்பது வீண். நாய்க்கு இன்சுலின் சுரப்பதே நின்றுபோயிருப்பதால் ஊசிதான் வழி. வழக்கமாக நாளுக்கு இரண்டு வேளை. இங்கே ஒரு சின்ன விஷயத்தில் உயிர் போகும். நம் நாட்டு இன்சுலின் குப்பிகளில் பல மில்லிக்கு 40 யூனிட் அளவுடையவை. அதற்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சு. 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி. மூடி மாறினால் அளவு இரண்டரை மடங்கு ஏறும், அல்லது அதே கணக்கில் குறையும். வீட்டுச் சுகர் மிஷினும் நாய் இரத்தத்தில் உள்ளதைவிடக் குறைத்தே காட்டும் பழக்கமுடையது.

கருத்தடை செய்யாத பெட்டை நாய்களிடம் இந்த நோய்க்கு வேறொரு பாதை இருக்கிறது. பருவம் வந்துபோன பிறகு சினைப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் புரோஜெஸ்ட்ரோன் இரண்டு மாதம் போல உயர்ந்தே இருக்கும். அது பால் சுரப்பியைத் தூண்ட, அங்கிருந்து வளர்ச்சி ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது; அது இன்சுலினை வேலை செய்யவிடாது. சீக்கிரம் கண்டுபிடித்துக் கருப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிட்டால் சில நாய்களுக்குச் சர்க்கரையே இறங்கிவிடுகிறது. வளர்ச்சி ஹார்மோன் பிட்யூட்டரியில் மட்டுமே சுரக்கும் என்ற எண்ணத்தை நாயின் மடி இப்படி மாற்றியது. குள்ளக் குட்டிகளின் சிகிச்சையில் இது மறுபடி வரும்.

மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் நாய்களின் பிட்யூட்டரியை ஆராய்ந்து, 1912-இல் அந்தச் சுரப்பியின் நோய்களைப் பற்றி நூல் எழுதியவர். அவர் பெயரால் வழங்கும் நோயில், அட்ரினல் சுரப்பியின் ஹார்மோனான கார்டிசால் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. மனிதர்களைவிட நாய்களிடம் இது சகஜம். இயற்கையாக வருபவற்றில் நூற்றுக்கு 80 முதல் 85 வரை பிட்யூட்டரியில் வரும் சிறு கட்டியால். மீதி அட்ரினல் கட்டியால். பானை வயிறு, இரு பக்கமும் ஒரே மாதிரி உதிரும் மயிர், காகிதமாக மெலியும் தோல், ஓயாத இரைப்பு, கட்டுக்கடங்காத பசி, தாகம். பசிதான் ஏமாற்றுகிறது. நோயுள்ள நாய் தின்னாது என்பது நம் நம்பிக்கை. வட்டிலைக் காலி செய்யும் நாயை யாரும் ஆஸ்பத்திரிக்குத் தூக்குவதில்லை.

நம் ஊரில் பேச வேண்டியது இயற்கையாக வரும் குஷிங்கைவிட, நாமே உண்டாக்கும் குஷிங். உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறி, ஈரக் காற்று என்று நாய் சொறிந்துகொண்டே இருக்கிறது. ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டால் மறுநாள் அமைதி. மாதம் பிறந்ததும் மறுபடி சொறிச்சல், மறுபடி ஊசி. டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசலோன், நாள்கணக்கில் உடம்பில் தங்கும் டிரையம்சினலோன் எல்லாமே கார்டிசாலின் உறவுக்காரர்கள். அவை வாசோபிரசினின் வேலையைக் கெடுக்கும், தாகம் பெருகும். மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் படை களிம்பிலும் வலுவான ஸ்டீராய்டு இருக்கலாம். தடவினால் நாய் நக்கும், உள்ளே போகும். வளரும் குட்டிக்கு இது இரட்டைக் கேடு. எலும்பு முனைகளின் வளர்ச்சியைக் கார்டிசால் அடக்கிவிடும். சொறிக்கு ஊசி போட்ட குட்டி குட்டையாகவே நின்று ஓயாமல் குடித்தால், மரபணுவைத் தேடுவதற்கு முன் மருந்துச் சீட்டுகளைப் புரட்டுவது நல்லது. அதற்காகத் திடீரென ஊசியை நிறுத்தவும் கூடாது. இத்தனை நாள் வெளியிலிருந்து வந்ததால் சொந்த அட்ரினல் சுருங்கிப் போயிருக்கும். சட்டென்று நிறுத்தினால் நாய் மயங்கி விழும். படிப்படியாகக் குறைப்பது மருத்துவர் வேலை.

இனிப்பில்லாத நீரிழிவு அரிது. வாசோபிரசின் சுரக்காதது ஒரு வகை. சுரந்தும் சிறுநீரகம் கேட்காதது மற்றொரு வகை. சிறுநீர் ஏறக்குறையத் தண்ணீராகவே இருக்கும், சர்க்கரை துளியும் இராது. சர்க்கரை நோயோடு போட்டுக் குழப்புகிறார்கள் என்பதற்காகவே 2022-இல் மனித மருத்துவ வல்லுநர்கள் இதன் முதல் வகைக்கு வாசோபிரசின் குறைபாடு என்று புதுப் பெயர் வைத்தார்கள். அந்த வகைக்கு, வாசோபிரசினைப் போலச் செயல்படும் டெஸ்மோபிரசின் கேட்கும். மனிதர்கள் மூக்கில் விட்டுக்கொள்ளும் அதே சொட்டு மருந்தை நாயின் கண்ணிமைக்குள் விடுவது வழக்கம். தண்ணீரை நிறுத்திவைத்துச் சோதிக்கும் பழைய முறை ஆபத்தானது என்பதால் இப்போது பலரும் அதைத் தவிர்த்து, டெஸ்மோபிரசினைச் சில நாள் கொடுத்துப் பார்த்தே முடிவு செய்கிறார்கள்.

ஹார்மோன் பக்கம் போகும் முன் இரண்டு நோய்கள் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒன்று சிறுநீரகச் செயலிழப்பு. மற்றது, பருவம் வந்த ஒன்றிரண்டு மாதத்தில் பெட்டை நாயின் கருப்பையில் சீழ் கட்டுவது. அதுவும் தாகத்தோடு தொடங்கலாம். அறுவை தள்ளிப்போனால் நாய் பிழைப்பது கடினம்.

இனி வளராத குட்டி. இங்கே முதல் குற்றவாளி ஹார்மோன் அல்ல, புழு. கொக்கிப்புழுவும் உருண்டைப்புழுவும் குட்டியின் இரத்தத்தையும் சத்தையும் உறிஞ்சி வயிற்றை மட்டும் உப்ப வைக்கும். அடுத்தது, பால்சோறு தவிர வேறெதுவும் காணாத வயிறு. பிறவி இதயக் குறை, பிறவிச் சிறுநீரகக் குறை வரிசையில் உண்டு. கல்லீரலைச் சுற்றிக்கொண்டு இரத்தம் வேறு வழியில் பாயும் பிறவிக் கோளாறு ஒன்று, தாகத்தையும் குட்டைத் தன்மையையும் ஒருசேரக் கொண்டுவந்து ஹார்மோன் நோயாக வேஷம் போடும். கறி தின்ற பிறகு குட்டி கிறுகிறுத்துச் சுவரைப் பார்த்து நின்றால் அதை நினைக்க வேண்டும்.

இவையெல்லாம் இல்லை என்றான பிறகு குட்டியின் உருவத்தைக் கவனித்தாலே பாதி விடை கிடைக்கும். தலை பெரிது, உடம்பு அகலம், கால் மட்டும் குட்டை, நாக்குத் தடித்து, பல் முளைக்கத் தாமதம், எப்போதும் தூக்கம், மலச்சிக்கல் என்றால் பிறவித் தைராய்டு குறைபாடு. டாய் ஃபாக்ஸ் டெரியர் இனத்தில் இதற்குக் காரணமான மரபணுப் பிழை 2003-இல் கண்டறியப்பட்டது. சீக்கிரமே தைராக்சின் கொடுக்கத் தொடங்கினால் குட்டி தேறும். தாமதித்தால் மந்தம் மிஞ்சும்.

அளவெல்லாம் பொருத்தமாக, ஆனால் மொத்தமே சிறிதாக, ஒரு குட்டி அப்படியே உறைந்து நின்றது போல் இருந்தால் பிட்யூட்டரியை நினைக்க வேண்டும். 1912-இல் வியன்னாவில் பெர்னார்டு ஆஷ்னர் நாய்க்குட்டிகளின் பிட்யூட்டரியை வாய் வழியாக அகற்றிக் காட்டினார். குட்டிகள் உயிர் பிழைத்தன, வளரவில்லை. குட்டி மயிர் மாறவில்லை, பருவமும் வரவில்லை. ஆஷ்னர் கத்தியால் செய்ததை ஜெர்மன் ஷெப்பர்டு இனத்தில், நம் ஊரில் அல்சேஷன் என்று பெயர் வாங்கிய அதே இனத்தில், ஒரு மரபணு தானே செய்துவிடுகிறது. இரண்டு மூன்று மாதம் வரை வித்தியாசம் தெரியாது. பிறகு கூடப் பிறந்தவை நெடுநெடுவென்று போக, இது நின்றுவிடும். மேல் மயிர் முளைக்காமல் பஞ்சு மயிரே நீடிக்கும். கழுத்திலும் தொடையிலும் அதுவும் கொட்டித் தோல் கறுக்கும். முகம் நரி மாதிரி கூர்மையாகும். குரல் குட்டிக் குரலாகவே இருக்கும். ஆண் குட்டிக்கு விதைகள் இறங்காமல் போகலாம்.

இந்தக் குள்ளம் ஒடுங்கு பண்பாகக் கடத்தப்படுகிறது என்று 1976-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எந்த மரபணு என்பதை நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகக் குழு 2011-இல் வெளியிட்டது: எல்எச்எக்ஸ்3 மரபணுவில் வெறும் ஏழு எழுத்துத் துண்டு காணாமல் போயிருந்தது. அதனால் பிட்யூட்டரி சரியாக உருவாகாமல் வளர்ச்சி ஹார்மோன், தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், புரோலாக்டின், இனப்பெருக்க ஹார்மோன்கள் எல்லாம் குறைந்துபோகின்றன. அட்ரினலைத் தூண்டும் ஹார்மோன் மட்டும் தப்பிக்கிறது. ஓநாயோடு ஷெப்பர்டைக் கலந்து உருவாக்கிய சார்லோஸ் நாய்களும் இதே பிழையைச் சுமக்கின்றன.

தாகமும் குள்ளமும் ஒரே உடம்பில் சந்திப்பது இங்கேதான். வளர்ச்சி ஹார்மோன் இல்லாமல் சிறுநீரகமும் முழுதாக வளர்வதில்லை. வயது ஏற ஏற அது திணறி, குள்ள நாய் அதிகம் குடிக்கவும் ஒழிக்கவும் தொடங்கும். சிகிச்சை இல்லாமல் இவை பெரும்பாலும் நான்கைந்து வயதைத் தாண்டுவதில்லை. நாயின் வளர்ச்சி ஹார்மோனும் பன்றியின் வளர்ச்சி ஹார்மோனும் ஒன்றே என்பதால் பன்றி ஹார்மோன் பொருந்தும், ஆனால் அது கிடைப்பது அரிது. மாற்றாக உட்ரெக்ட் மருத்துவர்கள் பால் சுரப்பியின் அந்தப் பழைய குணத்தையே பயன்படுத்தினார்கள். பெட்டை நாய்களுக்குச் சர்க்கரை வரவழைத்த அதே வகை ஹார்மோனைக் குள்ள நாய்க்கு ஊசியாகப் போட்டால் மடியே வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கிறது. மயிர் முளைக்கிறது, சுறுசுறுப்பு வருகிறது. உயரம் அதிகம் கூடுவதில்லை. கூடவே வாழ்நாள் முழுவதும் தைராக்சின் வேண்டும்.

சின்ன நாய் எல்லாம் நோயாளி என்று இதற்கு அர்த்தமில்லை. சிவாவா, பொமேரியன் போன்றவை சிறிதாக இருப்பதற்கு ஐஜிஎஃப்-1 மரபணு வேறுபாடு பெருங்காரணம் என்று 2007-இல் தெரியவந்தது. டாஷ்ஹண்டின் குட்டைக் காலுக்கு வேறொரு மரபணு நகல் காரணம். சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் ஒல்லி, ஆனால் உயரம். எந்த இனத்துக்கு எது அளவு என்பதோடு ஒப்பிட்டால்தான் வளர்ச்சி நின்றதா என்று சொல்ல முடியும். அல்சேஷனில் "பாக்கெட் சைஸ்" என்று ஓர் இனமே கிடையாது.

சோதனைக்கு எங்கே போவது? திருப்பூர் மாவட்டத்திலேயே உடுமலைப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல்லிலும் சென்னை வேப்பேரியிலும் பழைய கல்லூரிகள் உண்டு. தைராக்சினும் கார்டிசாலும் மனிதனுக்கும் நாய்க்கும் ஒரே மூலக்கூறு என்பதால் மனித லேபிலும் அளக்கலாம், ஆனால் சரியான அளவு எது என்பதை நாய்க் கணக்கில் பார்க்க வேண்டும். தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். அப்படியல்ல, மனிதருக்கான கிட்டில் நாயின் டி.எஸ்.எச். சரியாகத் தெரியாது. அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு தைராய்டு நார்மல் என்று நம்பக் கூடாது.

குள்ளத்தைப் பொறுத்தவரை கடைசிக் கேள்வி நாயை வாங்குமிடத்தில் இருக்கிறது. நாய் வளர்ப்பு, விற்பனைக்கான 2017-ஆம் ஆண்டு மத்திய விதிகள் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. நம் பக்கம் 45 நாளிலேயே கைமாறுவது சாதாரணம். விதியை மதித்து எட்டு வாரத்தில் விற்றாலும் இந்த நோய் வெளியே தெரிந்திருக்காது. தாய் தகப்பனைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. பிழையை ஒற்றைப் பிரதியாகச் சுமக்கும் நாய் கம்பீரமாகவே இருக்கும், கண்காட்சியில் பரிசும் வாங்கும். அப்படி இரண்டு சேர்ந்தால், கணக்குப்படி நான்கு குட்டிக்கு ஒன்று குள்ளமாகும், இரண்டு பிழையைச் சுமக்கும். குள்ளமாக வேண்டிய பல குட்டிகள் பிறப்பதற்கு முன்போ பிறந்த கையோடோ இறந்துவிடுவதால் பலர் கண்ணுக்கு அது தட்டுப்படுவதே இல்லை. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் ஒற்றி எடுத்து ஒரு தடவை மரபணுச் சோதனை செய்தால் அந்த நாயின் ஆயுசுக்கும் அது போதும். பிழை சுமக்கும் நாயைக்கூட விலக்க வேண்டியதில்லை, பிழை இல்லாத நாயோடு சேர்த்தால் ஒரு குட்டியும் குள்ளமாகாது. அல்சேஷன் குட்டி வாங்கப் போகிறவர் சான்றிதழோடு கேட்க வேண்டிய காகிதம் தாய், தகப்பன் இரண்டின் எல்எச்எக்ஸ்3 முடிவுதான்.